ஆபுத்திரன் ஏறிய கப்பல்



நெய்தல் நிலத்துக்கு உரிப்பொருள் இரங்கல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் நாங்கள். கடற்கரை என்றாலே அங்கே ஒருத்தி நின்று அழவேண்டும். போனவன் வரவில்லை, பொழுது சாய்ந்துவிட்டது, புள்ளினம் கூட்டுக்குத் திரும்புகிறது, அவள் கண்ணீர் விடுகிறாள். சரி, கொண்டாட்டத்துக்காகக் கடற்கரைக்குப் போனவர்களாவது சந்தோஷமாக வீடு திரும்பினார்களா என்று பார்த்தால் அதுவும் இல்லை. சிலப்பதிகாரத்தில் இந்திர விழா முடிந்து கோவலனும் மாதவியும் கடலாடப் போகிறார்கள். யாழை எடுத்துப் பாடத் தொடங்கியது பிரிவில் வந்து முடிகிறது. தமிழில் ஒரு குடும்பம் கடற்கரைக்குப் போய், குளித்து, சாப்பிட்டு, சிரித்து, களைத்துத் திரும்பிய கதையைத் தேடினால் அகப்படுவது அருமை. அப்படியொரு சனி ஞாயிறு எனக்கு வாய்த்தது. அதைச் சொல்லவே இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன்.

நான் பிறந்தது மண்டைதீவில். யாழ்ப்பாணக் கோட்டையடியில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டுகிற தீவு. பண்ணைத் தாம்போதியால் சைக்கிளில் போய் வரலாம். தீவுக்கும் பட்டினத்துக்கும் இடையில் உள்ள கடல் பெரிய ஆழமில்லை, முழங்காலளவு, இடுப்பளவு. களங்கண்டிக் கம்புகள் வரிசையாக நிற்கும். காலால் தடவி நண்டு பிடிக்கிற ஆட்களைக் கரையில் இருந்து பார்த்திருக்கிறேன். கரையில் இருந்து மட்டுந்தான். 1986 யூன் 10ஆம் திகதி எங்கள் கடலிலே தொழிலுக்கு வந்த குருநகர்த் தொழிலாளர் 31 பேர் கொல்லப்பட்டார்கள். அப்போது எனக்கு ஆறு வயது. அன்றைக்குப் பிறகு அம்மா என்னையோ தம்பியையோ தண்ணீரில் கால் நனைக்க விட்டதில்லை. 1990 ஓகஸ்டில் தீவை விட்டு வெளிக்கிட்டபோது வள்ளத்தின் நடுவில் எங்களை இருத்தி, கையை வெளியே போடக் கூடாதென்று சொன்னா. என் பிள்ளைப் பருவத்துக் கடல் அவ்வளவுதான்.

இனி ஆபுத்திரன் கதைக்கு வருவோம். மணிமேகலை படித்தவர்களுக்குத் தெரிந்த கதை. படிக்காதவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லுகிறேன். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கையில் இருக்கிறது. ஆனால் பாண்டி நாட்டில் மழை பெய்து, விளைவு பெருகி, பசி என்று வருவார் ஒருவருமில்லை. கப்பலில் வந்திறங்கியவர்கள், சாவக நாட்டில் மழையின்றி மக்கள் மடிகிறார்கள் என்கிறார்கள். உடனே கப்பலேறுகிறான். சம்பளம் வாங்காமல், யாரும் அனுப்பாமல், பிறநாட்டாருக்குச் சோறிடுவதற்காகக் கப்பலேறிய ஒருவனைத் தமிழ் இலக்கியத்தில் நான் சந்தித்தது அங்கேதான். காற்றுக் கடுமையாக வீச, கப்பல் பாய் இறக்கி மணிபல்லவத்தில் ஒரு நாள் தங்குகிறது. இவன் இறங்குகிறான். ஏறிவிட்டான் என்று நினைத்துக் கப்பல் இரவிலே போய்விடுகிறது. பல உயிர் காக்கும் பாத்திரத்தால் என் ஓர் உயிரை மட்டும் காப்பதோ என்று மனம் ஒப்பாமல், பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாதிருந்து உயிர்விடுகிறான். மணிபல்லவம் நம்முடைய நயினாதீவு என்று கொள்வோர் பலர். அப்படிக் கொண்டால், அந்தத் தொண்டன் இறந்து கிடந்தது எங்கள் ஊருக்கு இரண்டு தீவு தள்ளித்தான்.

நான் இங்கிலாந்தில் தாதி. சத்திரசிகிச்சைக் கூடத்து வேலை. என் கணவர் மின்சாரவியலாளர். 2015இல் நாங்கள் இருவரும் வேலையில் நீண்ட விடுப்புப் பெற்று, ஒன்பது வயது மகளையும் ஆறு வயது மகனையும் கூட்டிக்கொண்டு 'ஆபிரிக்கா மேர்சி' என்ற ஆஸ்பத்திரிக் கப்பலுக்குத் தொண்டர்களாகப் போனோம். மேர்சி ஷிப்ஸ் என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்தின் கப்பல் அது. வேலை செய்வதற்குச் சம்பளம் இல்லை என்பது மட்டுமல்ல, சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் தொண்டர்களே காசு கட்டவேண்டியிருந்தது. இதைக் கேட்டு என் மாமியார், "காசு குடுத்து வேலை செய்யப் போற ஆக்களை இப்பதான் பாக்கிறன்" என்றா.

அந்தக் கப்பலின் பூர்வீகம் சுவையானது. 1980இல் டென்மார்க்கில் கட்டப்பட்ட ரயில் தோணி அது. ரயில் பெட்டிகளைத் தண்டவாளத்தோடு வயிற்றில் ஏற்றிக்கொண்டு ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கொண்டுபோய் விட்டது. பாலமும் சுரங்கமும் வந்த பிறகு அதற்கு வேலை இல்லாமற் போயிற்று. அதை வாங்கிப் புதுக்கி, 2007இல் ஆஸ்பத்திரியாக்கிக் கடலில் விட்டார்கள். நீளம் 152 மீற்றர். ரயில் நின்ற தளத்திலேதான் ஐந்து சத்திரசிகிச்சைக் கூடங்களும் ஏறத்தாழ 80 கட்டில்கள் கொண்ட விடுதிகளும். நானூறு பேரளவில் வேலை செய்தோம், பல தேசத்தவர். பிள்ளைகளுக்குக் கப்பலுக்குள்ளேயே பள்ளிக்கூடம். 2014இல் மேற்கு ஆபிரிக்காவில் எபோலா பரவியதால் கப்பல் அங்கே போக முடியாமல் மடகஸ்காருக்குத் திரும்பியது. கிழக்குக் கரையிலுள்ள துவாமசினாத் துறைமுகத்தில் 2016 நடுப்பகுதிவரை இரண்டு பருவங்கள் பணிசெய்தது. நாங்கள் போனது இரண்டாம் பருவத்தில்.

ஆஸ்பத்திரிக் கப்பல் நமது நாட்டுக்கும் புதிதல்ல. அமெரிக்காவின் 'ஹோப்' கப்பல் 1968, 69 காலத்தில் கொழும்புத் துறைமுகத்தில் நின்றது. போர்க்கப்பற் படையின் ஆஸ்பத்திரிக் கப்பலாக இருந்ததை வைத்தியர் வில்லியம் வோல்ஷ் என்பவர் கேட்டு வாங்கி, 1960இலிருந்து நாடு நாடாகக் கொண்டுபோனார். நோயாளரைக் குணப்படுத்துவதோடு உள்ளூர் வைத்தியருக்கும் தாதியருக்கும் பயிற்சி கொடுப்பதை அவர் பெரிதாக நினைத்தார். அந்த வெள்ளைக் கப்பலைப் பார்த்த கதையைப் பெரியப்பா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். வைத்தியரிடம் போகக் கடல் தாண்டவேண்டிய தீவாருக்கு, வைத்தியரே கடல் தாண்டி வருவது ஒரு அதிசயம். நெடுந்தீவில் ஒருவருக்குக் கடுமையாகிவிட்டால் குறிகட்டுவான்வரை படகில் கொண்டுவந்து, பிறகு புங்குடுதீவு, வேலணை என்று தரைவழியே யாழ்ப்பாணம் சேர்க்கவேண்டும். கடல் கொந்தளிக்கிற நாளென்றால் என்ன பாடு என்பதை அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

2015 நொவெம்பர் மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. அந்தக் கிழமை முழுக்கப் பிள்ளைகளின் வளைந்த கால்களை நிமிர்த்தும் சத்திரசிகிச்சைகள். நான் கூடத்தில் நின்று பார்த்த பையன்களில் ஒருவனுக்கு இரண்டு காலுக்கும் கட்டு. அவனுடைய தாய் அவன் கட்டிலுக்குக் கீழே மெத்தை போட்டுப் படுத்திருந்தாள்; கூட இருப்பவர்களுக்கு அங்கே அதுதான் இடம். உள்நாட்டு மலைப்பகுதியிலிருந்து வந்தவள். துறைமுகத்துக்கு வந்த அன்றுதான் கடலை முதன்முதல் கண்டவள். நான் விடைபெறப் போனபோது, மொழிபெயர்ப்பாளர் மூலம், எங்கே போகிறாய் என்று கேட்டாள். கடற்கரைக்குப் பிள்ளைகளோடு விளையாடப் போகிறேன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. கட்டில் நிறையப் பிள்ளைகள் நோவோடு கிடக்க, நான் நீச்சலுடுப்புத் தேடுவதா? விடுதிக்குப் பொறுப்பான மூத்த தாதி, கானாக்காரி, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னா: "திங்கட்கிழமை உன் கை நடுங்காமல் இருக்கவேண்டும். போய் நித்திரை கொள், சிரி, பிறகு வா." அது அன்பாகச் சொன்னதா உத்தரவா என்று இன்றுவரை தெரியாது.

கப்பலை விட்டு இறங்கும் படியில் ஒரு நடைமுறை. யார் இறங்கினாலும் பதிந்துவிட்டு இறங்கவேண்டும், ஏறினாலும் பதியவேண்டும். எத்தனை பேர் உள்ளே, எத்தனை பேர் வெளியே என்பது எந்த நேரமும் தெரிந்திருக்கும். மகன் தன் அட்டையைத் தானே காட்டவேண்டுமென்று அடம்பிடித்தான். வரிசையில் நின்றபோதுதான் எனக்கு ஆபுத்திரன் நினைப்பு வந்தது. அவன் ஏறிய கப்பலில் ஆட்களை எண்ணிப் பார்க்க ஒருவரும் இருக்கவில்லை. கூட ஒரு மனுசி, ஒரு பிள்ளை வந்திருந்தால், "அப்பா இன்னும் ஏறேல்லை" என்று ஒரு குரலாவது எழுந்திருக்கும் அல்லவா?

துவாமசினாக் கடலில் சுறாப் பயம், குளிக்கக் கூடாது. குளிக்க விரும்புகிறவர்கள் வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீற்றர் போகவேண்டும். அங்கே பவளப்பாறை ஒரு வேலிபோலக் கிடந்து பெரிய அலையையும் சுறாவையும் வெளியே நிறுத்திவிடுகிறது. பிரெஞ்சில் அந்த ஊருக்கு ஃபூல்புவாந்த் என்று பெயர். ஊரவர் வைத்த பெயர் மஹாவெலுன. உயிர் தருவது என்று பொருளாம். அந்த 'மஹா' நம்முடைய மகா அல்ல. அது வேறு மொழிக் குடும்பம்.

சனி காலை இன்னும் இரண்டு குடும்பங்களோடு ஒரு சிற்றூர்தியில் புறப்பட்டோம். லிச்சிப் பழக் காலம். றோட்டோரம் முழுக்கக் குலை குலையாகக் கட்டி வைத்திருந்தார்கள். நம்மூர் றம்புட்டானின் மயிரை மழித்துவிட்டது போல இருக்கும். பிள்ளைகள் தின்று தின்று கையெல்லாம் பிசுபிசுப்பு. வழியில் குடிசைகளைப் பார்த்துக்கொண்டே போனேன். கூரை ஓலை, சுவர் ஓலை மட்டை. 'ரவினாலா' என்ற விசிறிபோல் விரிந்த மரம், எங்கள் பனையைப்போல அந்தக் கரைச் சனத்துக்கு வீடு கட்டிக் கொடுக்கிறது. சந்தையில் ரஃபியா நாரில் இழைத்த கூடைகள். ஒன்றைக் கையில் எடுத்துப் பின்னலைத் தடவிப் பார்த்தேன். அம்மம்மா இழைத்த பெட்டியின் பின்னல் அல்ல. ஆனால் அடியில் மூலை திருப்புகிற விதம் அம்மம்மாவினுடையதுதான். விலை பேசாமல் வாங்கினேன். இவருக்கு அது பிடிக்கவில்லை.

என் கணவர் வல்வெட்டித்துறைக்காரர் என்பதை இங்கே சொல்லவேண்டும். அந்த ஊரவரோடு கப்பல் பற்றிப் பேசினால், அங்கே கட்டிய 'அன்னபூரணி' பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை போன கதையைக் கேட்காமல் தப்ப முடியாது. கப்பலில் இருந்த டச்சுக்காரர், அமெரிக்கர், பிலிப்பைன்ஸ்காரர் எல்லோரும் அதைக் கேட்டுவிட்டார்கள். அன்று ஊர்திச் சாரதியும் கேட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது.

கரை வெள்ளை மணல். தண்ணீர் எங்கள் குடாக்கடல் போலவே ஆழமில்லை, ஆனால் கண்ணாடி. எங்கள் கடலின் சேறும் சாதாளையும் இல்லை. பிள்ளைகள் தகப்பனோடு இறங்கிவிட்டார்கள். நான் கரையில் துவாயை மடித்து வைத்துக்கொண்டு இருந்தேன். அம்மா இருந்த அதே இருப்பு. மகள் நனைந்த தலையோடு வந்து நின்று கேட்டாள்:

"அம்மா, நீங்கள் தீவிலை பிறந்தனீங்கள். ஏன் உங்களுக்கு நீந்தத் தெரியாது?"

இதற்குப் பதில் சொல்வதென்றால் 1986ஐச் சொல்லவேண்டும், 1990ஐச் சொல்லவேண்டும். ஒன்பது வயதுப் பிள்ளையிடம், அதுவும் இவ்வளவு வெயிலும் வெளிச்சமும் உள்ள நாளில், எப்படித் தொடங்குவது? "எங்கடை அம்மா விடேல்லை" என்றேன். "இப்ப அம்மம்மா இங்கை இல்லைத்தானே" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

இறங்கினேன். முழங்கால், இடுப்பு. இடுப்புக்கு மேலே தண்ணீர் ஏறியபோது மூச்சு ஒருமுறை நின்று திரும்பியது. இவர் ஒரு கையை முதுகுக்குக் கீழே கொடுத்து, "தலையைப் பின்னாலை விடும், காதுக்குள்ளை தண்ணி போனாப் பறவாயில்லை" என்றார். மகன் என் கால் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு தான்தான் அம்மாவைத் தாங்குவதாகச் சத்தம் போட்டான். காதுக்குள் தண்ணீர் போயிற்று. சத்தமெல்லாம் அடங்கிவிட்டது. மேலே வானம் மட்டும். எப்போது கையை எடுத்தார் என்று தெரியாது. எனக்கு முப்பத்தைந்து வயது. மிதந்தேன்.

மத்தியானம் ஓலைக் கொட்டில் ஒன்றில் சாப்பாடு. பெரிய மீன் சுட்டது, சோறு, பக்கத்தில் 'அச்சார்'. நாங்கள் அச்சாறு என்று வைத்துக்கொண்டிருக்கிற அதே சொல் இந்து சமுத்திரத்தைச் சுற்றி வந்து எனக்கு முன்னால் கோப்பையில் இருந்தது. மடகஸ்கார்ச் சனம் மூன்று வேளையும் சோறு தின்னும் சனம். சோறு வடித்த பானையில் அடிப்பிடித்ததை வீசமாட்டார்கள். அதில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, தேநீர் நிறத்தில் குடிக்கத் தருவார்கள். 'றனுவூலா' என்று பெயர். வெள்ளித் தண்ணீர் என்று அர்த்தம். கருகல் மணத்தோடு நல்ல வாய்ப்புத்தான். வறுமையின் பானத்துக்கு வெள்ளி என்று பெயர் வைத்த சனத்தின் மீது எனக்கு மரியாதை வந்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை, சோடா கேட்டார்கள்.

பின்னேரம் ஒரு கிழவர் தன் தோணியில் எங்களைப் பாறைவரை கொண்டுபோனார். ஒற்றை மரத்தில் குடைந்த தோணி, ஒரு பக்கத்தில் மிதவைக் கட்டை. எங்கள் வள்ளத்துக்கு அது கிடையாது; தெற்கே சிங்களவர் ஓடுகிற ஓருவுக்கு உண்டு. மடகஸ்கார் மொழிக்கு மிக நெருங்கிய உறவு ஆபிரிக்காவில் இல்லை, போர்ணியோத் தீவில் இருக்கிறது என்று மொழியறிஞர்கள் நிறுவியிருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே இத்தகைய மிதவைத் தோணிகளோடு இந்து சமுத்திரத்தைக் கடந்து வந்தவர்களின் வழி அவர்கள். போர்ணியோவுக்கு அயல்தான் சாவகம். ஆபுத்திரன் எந்தத் திக்கை நோக்கிச் சோறு கொண்டு புறப்பட்டானோ, அந்தத் திக்கிலிருந்து வந்தவர்களின் பேரன் எனக்குத் தோணி வலித்தார். மகனிடம் துடுப்பைக் கொடுத்து, தோணி வட்டமடிக்க வட்டமடிக்கச் சிரித்தார். பல் இரண்டோ மூன்றோதான்.

அன்றிரவு மின்சாரம் நின்றது. நுளம்பு வலைக்குள் நான்கு பேரும் ஒரே கட்டிலில். கப்பலில் எங்கள் அறைக்கு இயந்திரச் சத்தம் ஓயாது. இங்கே பாறையில் அலை மோதும் சத்தம் தூரத்தில். இருட்டில் மகள் மறுபடி கேட்டாள், அம்மம்மா ஏன் விடவில்லை என்று. அப்போது சொன்னேன். எல்லாவற்றையும் அல்ல, ஒரு பிள்ளைக்குச் சொல்லக்கூடிய அளவு. கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மம்மாவுக்கும் மிதக்கப் பழக்குவமா?" என்றாள். பிறகு நித்திரையாகிவிட்டாள். நான் வெகுநேரம் விழித்திருந்தேன். நெய்தல் திணைக்காரியான நான் கடற்கரையில் கிடந்து அழுதேன் என்றால் மரபை மீறவில்லை என்று கொள்ளுங்கள்.

ஞாயிறு பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. குளித்தோம், தின்றோம். திரும்பும் வழியில் சில்லுக் காற்றுப் போய், சாரதி திருத்தும்வரை ஒரு மணித்தியாலம் மர நிழலில் இருந்தோம். பொழுதுபடக் கப்பற் படியில் நால்வரும் பெயர் பதிந்து ஏறினோம்.

திங்கட்கிழமை விடுதிக்குப் போனபோது அந்தத் தாய் கட்டிலுக்குக் கீழிருந்து எழுந்து வந்தாள். அவளுக்கு லிச்சிக் குலை கொண்டுபோயிருந்தேன். கடற்கரையில் என்ன செய்தாய் என்றாள். மறைக்கவில்லை. தண்ணீரில் மல்லாந்து மிதக்கப் பழகினேன் என்று கையை விரித்துக் காட்டினேன். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்க முதலே அவள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். இவ்வளவு வளர்ந்த பொம்பிளை, கப்பலில் வேறு இருக்கிறாள், இப்போதுதான் மிதக்கப் பழகினாளாம்! பக்கத்துக் கட்டில் தாய்மாருக்கும் எடுத்துச் சொன்னாள். விடுதி முழுக்கச் சிரிப்பு. கால் கட்டோடு கிடந்த பையன்களும் சிரித்தார்கள். பிறகு அவள் குரலைத் தாழ்த்தி ஒன்று கேட்டாள்: மகனுக்குக் கட்டு அவிழ்த்து அவன் நடக்கத் தொடங்கியதும் அங்கே போய்வர பஸ்ஸுக்கு எவ்வளவு காசு முடியும்? மொழிபெயர்ப்பாளர் ஒரு தொகை சொன்னார். அவள் விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள்.

ஆபுத்திரனைப் பற்றி எனக்குள்ள எண்ணத்தை அறிஞர்கள் ஒப்புவார்களோ தெரியாது. அவன் தியாகத்தைக் குறைத்துச் சொல்ல நான் யார்? ஆனால் அவன் செத்தது பசியால் அல்ல, ஊட்டுவதற்கு எதிரே ஒரு வாய் இல்லாததால் என்று நினைக்கிறேன். அந்தத் தீவில் அவனோடு ஒரு பிள்ளை நின்று "பசிக்குது" என்று சொல்லியிருந்தால், அவன் பாத்திரத்தைப் பொய்கையில் விட்டிருக்க மாட்டான். பிள்ளைக்குப் போட்டு, மிஞ்சியதைத் தானும் தின்று, அடுத்த கப்பலுக்குக் காத்திருந்திருப்பான். சாவகத்தாருக்கும் சோறு போய்ச் சேர்ந்திருக்கும்.

இந்த முறை விடுமுறைக்குப் பிள்ளைகளோடு மண்டைதீவுக்கு வந்திருக்கிறேன். அவர்கள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். மகள் பல்கலைக்கழகம் போகிறாள். போன ஞாயிறு பின்னேரம் எல்லோரும் கடற்கரைக்குப் போனோம். வற்றுக் காலம். இடுப்புக்கு மேல் தண்ணீர் தேடி மகன் வெகுதூரம் நடந்தான். அம்மா கரையில் துவாயோடு நின்று, "காணும், ஏறுங்கோ, ஏறுங்கோ" என்று கூப்பிட்டபடி. மகள் போய் அவவின் கையைப் பிடித்தாள். மிதக்கமாட்டேன் என்று அம்மா தீர்மானமாகச் சொல்லிவிட்டா. ஆனால் செருப்பைக் கழற்றி, சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினா. கொஞ்சதூரம் போய்க் குனிந்து, சேற்றுக்குள் காலால் தடவித் தடவி, "நில்லு, அசையாதை, காலுக்குள்ளை நண்டு" என்றா.